எந்த நட்டு?

விமானப்படையில் நான் ஒன்பது வருஷம் இருந்தேன். அந்த ஒன்பது வருஷத்தில் பறந்தது ஒரே ஒரு தடவை. விமானம் கிளம்பிய கால் மணி நேரத்துக்குள் காகிதப் பைக்குள் தலையை விட்டவன், தரை இறங்கிய பிறகுதான் வெளியே எடுத்தேன். மேலே இருந்து பார்த்தால் மேகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அந்தப் பையின் அடிப்பக்கம் எப்படி இருந்தது என்றுதான் என்னால் உண்மையாகச் சொல்ல முடியும்.

எனக்கு வேலை ஸ்டோரில். வடக்கே ஒரு தளத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கம்பளி, பூட்ஸ், சோப்பு, எண்ணெய் டப்பா, விமானத்தின் உதிரிப் பாகங்கள் எல்லாம் இரும்பு அடுக்குகளில் இருக்கும். யாராவது சீட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். பொருள் இருந்தால் எடுத்துக் கொடுப்பேன். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான வித்தை ஒன்று உண்டு. எதிரில் நிற்பவனின் காலைப் பார்த்ததும் அவனுக்கு எத்தனை நம்பர் பூட்ஸ் என்று சொல்லிவிடுவேன். என் ஊரான ஆரணியில் அப்போது பூட்ஸ் போட்டவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான்; அவர்களுக்கு அரசாங்கமே அளவெடுத்துக்கொண்டது.

எழுபதுகளின் கடைசியில் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பினேன். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தறியும் வராது, அதனால் எழுத்து வேலைக்குப் போனேன் என்பதுதான் சரி. ஆனால் ஊருக்குள் பரவிய கதை வேறு. நான் பைலட்டாக இருந்தவன். முதுகுவலி வந்து விட்டுவிட்டேன்.

இதை நான் ஆரம்பித்து வைக்கவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் என் அம்மா, "எம்புள்ள ஏரோப்ளேன்ல இருந்தான்ங்க" என்று சொல்லிவைத்தாள். இலக்கணப்படி அதில் பொய் இல்லை, ஒரு தடவை இருந்தேன். சீருடையில் ஒரு பழைய விமானத்தின் அருகே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றும் என்னிடம் இருந்தது. ஒரு கையை விமானத்தின் வயிற்றில் வைத்துக்கொண்டு, எருமையை விலை பேசுகிறவன் போல நிற்பேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருந்தவர் அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, கண்ணாடிக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு நான் ஸ்டோரில் இருந்தவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராவது "பைலட் சார்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பொய் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தேன்.

சலூனில் முதல் நாற்காலி எனக்கு. எத்தனை பேர் காத்திருந்தாலும் நான் போனதும் துண்டை உதறி, "நீங்க வாங்க சார்" என்பார் கடைக்காரர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் விமானம் ஏன் கீழே விழுவதில்லை என்பதை ஊருக்கு விளக்கியிருக்கிறேன். எங்கோ சண்டை நடந்தால் எந்த நாட்டு விமானம் உயர்ந்தது என்று சொல்லியிருக்கிறேன். கோட்டை மைதானத்துக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் சத்தத்தோடு போனால், கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக் காதால் கேட்டு, "ரெண்டு இன்ஜின்" என்பேன். மறுத்துப் பேச ஆள் இல்லை.

அப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. எண்பதுகளின் தொடக்கம். வடகிழக்கு மலைப் பக்கம் படையின் சரக்கு விமானம் ஒன்று காணாமல் போய், மூன்றாம் நாள் ஒரு மலைச்சரிவில் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. மிகப் பழைய விமானம் என்று பேப்பரில் போட்டிருந்தது. இறந்தவர்கள் யார் யார் என்று அன்றைக்கு வரவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை காலை. சலூனில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் முகத்தில் பாதி சோப்பு நுரை, பாதி வழித்தது.

"எப்படி சார் வுழுந்திருக்கும்?" என்றார் கடைக்காரர்.

இந்தக் கேள்விக்கு ஒரு ஸ்டோர்காரன் சொல்ல வேண்டிய பதில், எனக்குத் தெரியாது என்பது. நான் காரணங்களை அடுக்க ஆரம்பித்தேன். மலையில் திடீரென்று மேகம் மூடும், எதிரே இருப்பது ஆகாயமா பாறையா என்று தெரியாது என்றேன். உயரம் காட்டும் முள் தப்பாகக் காட்டலாம் என்றேன். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம், இன்ஜினுக்குள் பறவை போயிருக்கலாம், றெக்கையில் பனி உறைந்து கனத்திருக்கலாம். காற்று திடீரென்று கீழே அமுக்கும், அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு என்றேன்; பெயர் ஞாபகம் வரவில்லை. இரும்புக்கும் வயதாகும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும் என்றேன். எல்லாமே கேன்டீன் வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் பேசிக் காதில் விழுந்தவை. ஏழு காரணம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இத்தினி சொல்றீங்களே, இதுல எதுன்னு ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார் கடைக்காரர். கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். ஏழு காரணம் சொன்னவனுக்கு மரியாதை குறைவு, ஒரு காரணம் சொல்கிறவனுக்குத்தான் அதிகம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

"எது எப்படி இருந்தாலும் பத்துக்கு ஒம்போது மெக்கானிக் பண்ற தப்புதாங்க" என்றேன். "கிளம்புற அவசரத்துல ஒரு நட்டைச் சரியா முறுக்காம வுட்டிருப்பான். அவ்ளோதான்."

கடை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. விஷயம் முடிந்துபோன திருப்தி அவர்களுக்கு. கடைக்காரர் என் மீதித் தாடியை வழித்துவிட்டார். நான் பவுடர் மணக்க வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து, அந்த விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் தேவிகாபுரத்துக்காரர் என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள், அவர் அதில் மெக்கானிக்காகப் போனவர் என்று தெரிந்தது. நட்டு பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் நான் பொதுவாகச் சொன்னதுதானே என்று சமாதானம் செய்துகொண்டு வேலையைப் பார்த்தேன். என்னை நான் சமாதானம் செய்துகொள்வதற்கு ஒருபோதும் அதிக நேரம் பிடித்ததில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். சங்கத்தில் நூல் வாங்க வந்த கூட்டம் கலைந்து, சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது, ஒரு வயதானவரும் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் வராந்தாவில் வந்து நின்றார்கள். அவர் தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. அந்தப் பெண்ணின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"பைலட்டு சாருங்களா?" என்றார் பெரியவர்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"தேவியாபுரத்துலேர்ந்து வர்றோம்ங்க. ஏரோப்ளேன்ல செத்துட்டான் பாருங்க, அது எம்புள்ளைங்க. இது மருமவ."

எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினேன். பெரியவர் உட்காரவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிறவள் போலக் கேட்டாள்.

"ஒரு நட்டைச் சரியா முறுக்கலன்னு சொன்னீங்களாமேண்ணா. எந்த நட்டுங்க அது?"

திறந்திருந்த பேரேட்டை மூடி வைத்தேன்.

"நான் பொதுவாச் சொன்னேம்மா. அவரைச் சொல்லல."

"ஊர்ல அவரைத்தான் சொல்றாங்க. காரியத்தன்னைக்கே எங்க மாமன் மொறை ஒருத்தர் எல்லார் எதிர்லயும் சொன்னாரு. ஆரணியில பைலட்டே சொல்லிட்டாராம், இவனால அத்தினி பேரும் செத்தாங்களாம்னு. கூட செத்தவங்க பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் எங்கள சபிப்பாங்களாம்." குரல் ஏறவில்லை. "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. ஆனா உங்களுக்குத்தான் தெரியும்னாங்க. அதான் கேட்டுனு போலாம்னு வந்தோம். நட்டு பேரச் சொன்னீங்கன்னா, அது அவரு பாக்கற எடந்தானா, வேற யாரு பாக்கறதான்னு எழுதிப்போட்டுக் கேப்பேன்."

பெரியவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழாதது போல இருந்தது. பிறகு அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "நான் கடைத்தெரு பக்கம் போயி இருவது நாளாவுதுங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் காபி வரவழைத்தேன். காபி வேண்டாம் என்றார்கள். அவள் பையிலிருந்து ஓர் இங்கிலீஷ் கடிதத்தை எடுத்து நீட்டினாள். படையிலிருந்து வந்தது. இறப்புக்கு வருத்தம் தெரிவித்து, விபத்துக்கான காரணம் விசாரணையில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

"நீங்க இந்த மாதிரி ஏரோப்ளேன் ஓட்டியிருக்கீங்களாண்ணா?"

"ம்" என்றேன்.

அதுவரைக்கும் திரும்பிப் பார்த்தவன், அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயால் பொய் சொன்னேன். அதையும் யாரிடம் சொன்னேன் பாருங்கள்.

கணவர் எழுதிய கடிதங்கள் வீட்டில் இருப்பதாகவும், வேலை சம்பந்தமாக நிறைய எழுதியிருப்பதாகவும், சில சொற்கள் புரியவில்லை என்றும் அவள் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். அப்போதைக்கு அவர்களை அனுப்பிவைத்தால் போதும் என்று இருந்தது.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "பொடவையில கொறை வந்தா உங்க சங்கத்துல மொதல்ல யாரைக் கூப்பிடறீங்க?"

"நெய்ஞ்சவனை."

"நூல்ல கொறை இருக்கலாம். சாயத்துல இருக்கலாம். ஆனா கூப்பிடறது என்னைத்தான். கடைசியா கைய வச்சவன் நான்." ரசம் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார். "நானாவது வந்து நின்னு பதில் பேசுவேன். அவன் எங்க வருவான்?"

ஞாயிற்றுக்கிழமை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தது. தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை. பறவை மோதியது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பறவைக்கு மாமனார் இல்லை, ஊர் இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை. கோவில் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது என் கதையில் அந்தப் பறவை கழுகாகவே ஆகியிருந்தது.

வீட்டு வாசலில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போட்டிருந்தது. பெரியவர் காலால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பினார். அந்தப் பெண் உள்ளேயிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கடிதங்களை மாத வாரியாகக் கட்டி வைத்திருந்தாள். வீட்டு விஷயங்கள் உள்ள பக்கங்களை மடித்துவிட்டு, வேலை பற்றி எழுதிய பக்கங்களை மட்டும் எனக்குக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

நான் பறவையை ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள். "கேனிபலைஸ்னா இன்னாங்கண்ணா?"

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அந்த வீட்டில், அந்த ஊரில், ஒருவேளை அந்தத் தாலுகாவிலேயே அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

"ஓடாம நிக்கற ஏரோப்ளேன்லேர்ந்து ஒரு சாமானைக் கழட்டி, ஓடுற ஏரோப்ளேனுக்குப் போடறதும்மா. புதுசு கெடைக்கலன்னா அப்படிச் செய்வாங்க."

"அதான் எழுதியிருக்காரு. மூணு தபா எழுதிக் கேட்டேன், ஸ்டோர்ல என்.ஏ. போட்டுக் குடுத்துட்டான், அப்பால பழசுலேர்ந்து கழட்டிப் போட்டேன்னு." விரலால் கோட்டைக் காட்டினாள். "இதுலயும் வருது பாருங்க. என்.ஏ.ன்னா இன்னாங்க?"

"கையில இல்லைன்னு அர்த்தம்."

"யாருங்க அத எழுதறது?"

"ஸ்டோர்ல இருக்கற ஆளு."

"அவருக்கு ஏரோப்ளேன் பத்தித் தெரியுங்களா?"

அடுக்குகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்த மர ஸ்டூல் ஞாபகம் வந்தது. வெயில் காலத்தில் சீட்டோடு வந்து நிற்பவர்களின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் அந்த இரண்டெழுத்தைக் கிறுக்கி ஜன்னல் வழியாகத் தள்ளுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சில சமயம் மேல் அடுக்கில் ஏறித் தேடச் சோம்பல்பட்டும் எழுதியிருக்கிறேன். சலூனில் ஏழும் ஒன்றும் எட்டுக் காரணம் சொன்னவனுக்கு, தன் கையால் செய்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை.

"தெரியாதும்மா" என்றேன். "அவன் பைலட் இல்ல. என்னை மாதிரி ஒருத்தன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் பைலட் இல்லம்மா. ஸ்டோர்ல இருந்தேன். பூட்ஸ், கம்பளி, சாமான் எடுத்துக் குடுக்கறது. இந்த என்.ஏ. எழுதுற வேலை. அன்னைக்கு உங்ககிட்ட ஓட்டியிருக்கேன்னு சொன்னது பொய்."

பெரியவர் மல்லாட்டையைக் கிளறுவதை நிறுத்தினார்.

"அப்ப அந்த நட்டு?" என்றாள்.

"அப்படி ஒரு நட்டே இல்லம்மா. ஷேவிங் பண்ணிகினு இருக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விமானம் ஏன் வுழுந்துதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கடிதங்களை வரிசை மாறாமல் திரும்பக் கட்டினாள். பெட்டியை மூடிய பிறகு கேட்டாள்.

"இவரு சாமான் கேட்டு இல்லன்னதாலதான் வுழுந்துதா?"

"அதுவும் தெரியாதும்மா. கடுதாசி தேதிப்படி, வுழறதுக்கு மூணு மாசம் முந்தி போட்ட சாமான் அது. அது நல்லா இருந்திருக்கலாம். மேகமா இருக்கலாம். இதுன்னு நான் சொன்னா அது இன்னொரு நட்டு மாதிரிதான்."

"சரிங்க. எங்ககிட்ட சொன்னத ஆரணியில சொல்லுங்க. எங்க சொன்னீங்களோ அங்கயே."

பெரியவர் என்னை பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்தபோது, "கை புடிச்சு ஏறுங்க, படி ஒசரம்" என்றார். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு ஏறியது எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு சலூனுக்குப் போனேன். முதல் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். நான் பைலட் இல்லை, ஸ்டோரில் இருந்தவன், நட்டு பற்றிச் சொன்னது வெறும் பேச்சு, தேவிகாபுரத்துக்காரர் மேல் ஒரு தப்பும் இருப்பதாகப் படையில் யாரும் சொல்லவில்லை.

கடைக்காரர் கண்கலங்கி, பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா. அந்தக் குடும்பத்துக்காக இவரு தன்னையே தாழ்த்திகினு பேசறாரு. பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்கு ஓடி டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துவந்தேன். அதில் என் பணி இன்னதென்று இங்கிலீஷில் தெளிவாக இருக்கிறது. கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட குமாஸ்தா ஒருவர் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"எக்விப்மெண்ட் அசிஸ்டெண்ட்." கொஞ்சம் யோசித்தார். "எக்விப்மெண்ட்னா கருவி. ஓட்டும்போது கருவிங்களைப் பாத்துக்கற உதவியாளரு. அதாவது கோ-பைலட்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். "அந்த விமானத்துக்கு அந்தப் பக்கம் இன்ஜினே இல்லீங்க. கழட்டிட்டாங்க. சக்கரத்துல காத்துகூட இல்ல. ஓரமா நிறுத்தி வச்சிருந்த பாடாவதி. லீவு நாள்ல யாரும் இல்லாதப்போ போயி நின்னு எடுத்துகினேன். ஓடுற விமானத்துகிட்ட என்னை யாரும் விட மாட்டாங்க."

கடைக்காரர் படத்தை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். சக்கரம் தட்டையாக இருந்தது அவர் கண்ணுக்கு அன்றைக்குத்தான் பட்டது போலிருக்கிறது. பிறகு சட்டத்தைத் திருப்பி, விமானத்தின் அந்தப் பக்கம் தெரியுமா என்பது போலப் பின்னால் பார்த்தார். அட்டையும் ஒரு பல்லி முட்டையும்தான் இருந்தன. அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்ப இந்த நாலு வருசமா உங்க பேச்சை நான் சும்மாவா கேட்டுகினு இருந்தேன்?"

"ஆமாங்க."

"ரெண்டு இன்ஜின்னு சொல்வீங்களே, அது?"

"குத்துமதிப்பு."

அவர் படத்தை மறுபடி மாட்டவில்லை. என் கையில் கொடுத்தார். "பெஞ்சில உக்காருங்க. முன்ன வந்தவங்க நாலு பேரு கீறாங்க" என்றார்.

நான் பல வருஷம் உருவாக்கியிருந்த பெயரை அவர் ஒரே வாரத்தில் ஒழித்துக் கட்டினார். ஏமாந்தவனின் கோபத்துக்கு நாக்கு நீளம். பஸ் ஸ்டாண்டில் சவரம் செய்துகொண்டு போலூர், சந்தவாசல், தேவிகாபுரம் என்று ஏறிப் போகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஊரில் எனக்கு 'ஸ்டோர் பைலட்' என்று பெயர் விழுந்தது. சங்கத்தில் நூல் தீர்ந்துபோனால் நெசவாளிகள், "இன்னா பைலட் சார், ஸ்டாக் பறந்துபோச்சா?" என்றார்கள். பல வாரம் நான் தலை குனிந்தே நடந்தேன். அதனால் ஊர்க்காரர்கள் எல்லோருடைய செருப்பு அளவும் எனக்கு மனப்பாடம் ஆனது.

வீட்டில் பயந்துகொண்டே மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கல்யாணமான மறுவாரமே தெரியும்" என்றாள். "எங்க அண்ணன் காலைப் பாத்து ஏழாம் நம்பர்னு சொன்னீங்களே. பைலட்டு ஏன் காலைப் பாக்கறாரு?"

இந்த அவமானத்தில் ஒரு நன்மை நடந்தது. நான் திட்டமிட்டுச் செய்தது இல்லை, அதனால்தான் சரியாக நடந்தது என்று நினைக்கிறேன். நான் டூப்பு என்றானதும் என் நட்டும் டூப்பு என்றானது. தேவிகாபுரத்தில் அந்த மாமன் முறைக்காரரிடம் யாரோ, "அந்த பூட்ஸ் எடுத்துக் குடுக்கறவன் பேச்சையா நம்பின?" என்று கேட்டார்களாம். பெரியவர் கடைத்தெருவுக்குப் போக ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அந்தத் தேவிகாபுரத்துப் பெண் மறுபடியும் சங்கத்துக்கு வந்தாள், தனியாக. ஊரிலேயே சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்திருந்தது. ஏதோ கூட்டத்துக்காக ஆரணி வந்தவள், படையிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"இங்கிலீஷ் தெரிஞ்சவங்க எங்க ஊர்லயும் இருக்காங்க" என்றாள். "ஆனா நீங்கன்னா தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுவீங்க."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தைப் படித்தேன். மூன்று பத்தி. விபத்துக்குக் காரணம் இன்னதென்று உறுதி செய்ய இயலவில்லை. மோசமான வானிலை இருந்திருக்கலாம். இயந்திரக் கோளாறும் இருந்திருக்கலாம், ஆனால் கிடைத்த பாகங்களை வைத்து எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. படித்ததை அப்படியே தமிழில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றேன், அதையும் சொன்னேன்.

"அவரு மேல தப்புன்னு இருக்குதா?"

"இல்ல. யாரு மேலயும் இல்ல."

"ஊட்ல மாமாவுக்குக் காட்டணும். தமிழ்ல எழுதிக் குடுக்கறீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அவள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் நடந்தேன். சலூனைத் தாண்டும்போது கடைக்காரர் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தார். கத்தியை நிறுத்திவிட்டு லேசாகத் தலையாட்டினார். எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

முதலில் வந்தது சந்தவாசல் பஸ். அது அவளுக்கு ஆகாது. நிழலில் நின்றோம். அவளாகவே பேசினாள்.

"அவரு லீவுக்கு வந்தார்னா ஒரு நாள் சும்மா உக்கார மாட்டாருண்ணா. கதவு கீச்சுனு சத்தம் போட்டா எழுந்து போயி எண்ணெய் வுடுவாரு. கெணத்து ராட்டினம், பக்கத்து ஊட்டு சைக்கிள், எதுவும் ஆடக்கூடாது, கத்தக்கூடாது. கோயிலுக்குப் போனாலும் தேர்ச் சக்கரத்தண்ட குனிஞ்சு பாத்துகினு நிப்பாரு. எனக்குப் பேஜாரா இருக்கும். நாலு நாள் இருக்கப்போறீங்க, எங்கிட்ட பேசாம ஸ்பானரோட பேசிகினு இருக்கீங்களேன்னு கத்துவேன்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொன்னாலும் அதில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று கலந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். தேவிகாபுரம் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முண்டியடித்து ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்துவிட்டாள்.